தேவாலா, பந்தலூர் பழைய தங்கச் சுரங்கக் கழிவு மண்: சோதிக்கும் முறையும் சீர்செய்யும் முறையும்

நீலகிரி மாவட்டத்தில் தேவாலா, நாடுகாணி, பந்தலூர் பக்கம் தேயிலைக்கு நடுவே சில திட்டுகளைப் பார்க்கலாம். சுற்றிலும் செடி இடுப்பளவு அடர்ந்து நிற்கும். அந்தத் திட்டில் மட்டும் பெரணியும் தரையோடு ஒட்டிய புல்லும்தான் இருக்கும். நாற்று வைத்தால் ஆனி மழையில் துளிர்க்கும், மாசி வெயிலில் கருகும். உரம் கூட்டினாலும் அதே கதை. இப்படிப்பட்ட இடங்களில் பல, 1879 முதல் 1882 வரை இந்த மலையில் நடந்த தங்க வேட்டையின் மிச்சம். லண்டனில் பதிவான கம்பெனிகள் குவார்ட்ஸ் நரம்புகளைத் தேடி மலையைத் துளைத்தன. எதிர்பார்த்த அளவு தங்கம் கிடைக்காமல் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே கைவிட்டுப் போயின. வெளியே கொட்டிய கல்லும் அரைத்த மணலும் அங்கேயே கிடக்கின்றன.

இந்த மண்ணைச் சாதாரண மண் பரிசோதனைக்கு அனுப்பினால் மண்வள அட்டையில் 12 அளவுகள் வரும்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், பிஎச் (அமில-கார அளவு), உப்பு நிலை, கரிமம். நல்ல மண்ணுக்கு இது போதும். கழிவு மண்ணுக்குப் போதாது. கல் எவ்வளவு, இன்னும் வெளிவராமல் உள்ளே இருக்கும் அமிலம் எவ்வளவு, ஆர்செனிக்கும் பாதரசமும் உண்டா என்ற மூன்று கேள்விக்கும் அந்த அட்டையில் பதில் கிடையாது. முடிவெடுக்க வேண்டியதோ இந்த மூன்றை வைத்துத்தான். அட்டையில் பிஎச் 4.6 என்று பார்த்துவிட்டுச் சுண்ணாம்பை வாங்கிக் கொட்டுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அது ஏன் தவறு என்பதைக் கணக்கோடு கீழே காட்டியிருக்கிறோம்.

தொடங்கும் முன்

பழைய சுரங்க வாய்க்குள் யாரும் நுழையக் கூடாது. கூரை இடிவது ஒரு ஆபத்து. கண்ணுக்குத் தெரியாதது இன்னொன்று. பாறையிலுள்ள பைரைட் என்ற கந்தகக் கனிமம் காற்றிலிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். உள்ளே பத்தடி போனாலே மூச்சுக்குக் காற்று இல்லாத இடம் இருக்கலாம். மண் மாதிரி எல்லாமே வெளியே கிடக்கும் குவியலில் எடுத்தால் போதும்.

இடம் வனத்துறையுடையதா, வருவாய் நிலமா, சொந்தப் பட்டாவா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். அனுமதியில்லாமல் தங்கம் அலசுவது சட்டப்படி குற்றம். இங்கே சொல்லும் சோதனை எதற்கும் அது தேவையும் இல்லை. ஜேசிபி போன்ற இயந்திரத்தை இறக்க நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சோதனைக்கு மண்வெட்டியும் கடப்பாரையுமே போதும்.

எந்தக் கழிவு என்று பிரித்துப் பார்ப்பது

குவியல் எல்லாம் ஒன்று போலத் தெரிந்தாலும் இரண்டு வகை உண்டு. சுரங்க வாய்க்கு நேர் கீழே, விசிறி போல் சரிந்து கிடப்பது தோண்டி எறிந்த கல். கைப்பிடி அளவு முதல் தலையளவு வரை கலந்திருக்கும், இடையிடையே செம்மண் இருக்கும். இதில் தண்ணீர் நிற்காது, வேருக்குப் பிடிமானம் குறைவு.

இரண்டாவது, ஆலையில் இடித்துத் தங்கம் எடுத்த பிறகு விட்ட அரவை மணல். இது பெரும்பாலும் ஓடைக்கரையில், ஓரளவு சமதளமாக, சாம்பல் அல்லது வெளிர்மஞ்சள் நிறத்தில் இருக்கும். கையில் தேய்த்தால் மாவு போலவும் இருக்கும், நறநறவென்றும் இருக்கும். பாறையைப் பொடியாக்கும்போது அதன் மேற்பரப்பு பல மடங்கு பெருகிவிடுகிறது. அதனால் அமிலமும் உலோகமும் கல் குவியலைவிட இதிலிருந்து வேகமாக வெளிவரும். பாதரசம் சேர்த்துத் தங்கம் பிரித்த இடமாக இருந்தால் அதன் மிச்சமும் இந்த மணலில்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் அரவை மணலை முதலில் சோதியுங்கள்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வைக்கோல் மஞ்சள் நிறம் ஜரோசைட் என்ற அமிலக் கனிமத்துக்கு அடையாளம் என்று பொதுவாகச் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் கூடலூர் பக்கத்து லேட்டரைட் மண்ணிலேயே மஞ்சளும் காவியும் இயல்பாக உண்டு. நிறம் எங்கே தோண்டுவது என்று காட்டும். அது என்ன என்று சோதனைதான் சொல்லும்.

மாதிரி எடுப்பது

காலம் முக்கியம். மண்ணுக்கு மாசி, பங்குனி சரியான நேரம். வெயிலில் ஈரம் மேலேறி, கரைந்த உப்புகள் மேற்பரப்பில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பூத்திருக்கும். தென்மேற்குப் பருவமழை அடித்த பிறகு எடுத்தால் அந்த உப்பெல்லாம் ஓடையில் போயிருக்கும், மண் சாது போலத் தெரியும். தண்ணீர் மாதிரிக்கு நேர்மாறு: ஜூன் முதல் மழையில் குவியலின் அடியிலிருந்து கசிவதைப் பிடியுங்கள். கோடை முழுவதும் சேர்ந்த அமிலமும் உலோகமும் அந்த முதல் கசிவில்தான் மொத்தமாக வரும். ஆகஸ்டில் பிடித்தால் மழை அதை நீர்க்கச் செய்திருக்கும்.

இடத்தை நிறம், கல் அளவு, செடி நிலை ஆகியவற்றைப் பார்த்து மூன்று நான்கு பகுதியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் 12 முதல் 15 இடத்தில் தோண்டி, 0–15 செ.மீ. மண்ணை ஒன்றாகவும் 15–50 செ.மீ. மண்ணைத் தனியாகவும் கலந்து, நான்காய்ப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை விட்டுவிட்டுக் குறைத்து, ஒவ்வொன்றிலும் 2 கிலோ வையுங்கள். மேல்மண் 140 ஆண்டு மழையில் அலசப்பட்டது. அடியில் பைரைட் இன்னும் புதிதாக இருக்கலாம். அதனால் அடிமண்ணை விட்டுவிட்டு மேலே மட்டும் சுரண்டி எடுத்த மாதிரி ஏமாற்றும். கடைசியாக, குவியலுக்கு மேலே, தோண்டல் தொடாத அதே மலைச்சரிவில் ஒரு மாதிரி எடுங்கள். ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

மண்ணைத் துணிப்பையில் போடலாம். பாதரசம் சந்தேகமுள்ள மாதிரியை மட்டும் ஈரம் போகாமல், கண்ணாடி ஜாடியில் வாய் வரை நிரப்பி, இறுக மூடி, குளிர்ச்சியாக வைத்து அனுப்ப வேண்டும். பழைய ஊறுகாய் ஜாடியோ ஹார்லிக்ஸ் பாட்டிலோ போதும். அதை வெயிலில் உலர்த்தினால் பாதரசம் ஆவியாகிவிடும். ஆய்வகத்தில் குறைவான எண் வரும், வீட்டில் அந்தக் காற்றை நீங்கள் சுவாசிப்பீர்கள். அடுப்பருகே உலர்த்துவது அதைவிட மோசம்.

கல்லும் அடர்த்தியும்: ஒரு குழி போதும்

இயற்பியல் சோதனைகளில் இதற்கு ஈடு வேறில்லை. சாதாரண மண்ணில் பருமன் அடர்த்தி அளக்க இரும்புக் குழாயை அடித்து இறக்குவார்கள். கழிவுக் குவியலில் குழாய் கல்லில் முட்டி வளைந்துவிடும். அதற்குப் பதில் குழி.

சுமார் 20 செ.மீ. நீள அகலம், 15 செ.மீ. ஆழத்தில் குழி வெட்டி, வந்த மண், கல் எல்லாவற்றையும் ஒரு துளி சிந்தாமல் வாளியில் சேருங்கள். குழியின் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லைப் பிடுங்காதீர்கள். குழி பெரிதாகிக் கணக்கு கெடும். குழிக்குள் மெல்லிய பாலித்தீன் தாளைச் சுவரோடு ஒட்டுமாறு விரித்து, தரைமட்டம் வரை தண்ணீர் ஊற்றி அளவிடுங்கள். ஊற்றிய தண்ணீர்தான் குழியின் கொள்ளளவு. வாளி மண்ணை நன்றாக உலர்த்தி எடை போடுங்கள். பிறகு 2 மி.மீ. சல்லடையில் சலித்து, கல்லைக் கழுவி உலர்த்தித் தனியாக எடை போடுங்கள்.

கணக்கு இப்படி வரும். குழிக்கு 6.2 லிட்டர் தண்ணீர் பிடித்தது என்று வையுங்கள். உலர்ந்த மொத்த எடை 10.5 கிலோ. அப்படியானால் அடர்த்தி லிட்டருக்கு 1.69 கிலோ. வேர் நுழையாத இறுகிய மண் போலத் தெரிகிறது, ஆழ உழ வேண்டும் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். கல் மட்டும் 5.4 கிலோ. கல்லின் அடர்த்தி 2.65 என்பதால் அது அடைத்த இடம் 2.04 லிட்டர். மீதி 4.16 லிட்டரில் 5.1 கிலோ நயமண் (சல்லடையில் இறங்கிய மண்) இருக்கிறது: லிட்டருக்கு 1.23 கிலோ. அதாவது மண் இறுகவே இல்லை. கல்தான் எடையைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. இந்த இடத்துக்கு உழவு பயன் தராது. ஈரம் பிடிக்கும் பொருள்தான் வேண்டும், ஏனென்றால் ஈரமும் உரமும் தங்க மூன்றில் இரண்டு பங்கு இடம்தான் இருக்கிறது. நயமண்ணின் அடர்த்தியே 1.6, 1.7 என்று வந்தால்தான் நிஜமான இறுக்கம். லாரியும் இயந்திரமும் ஓடிய தளங்களில் அப்படி வரும். அங்கே கடப்பாரையால் கிளறியே ஆக வேண்டும்.

இந்த 5.1 கிலோவைக் குறித்து வையுங்கள். 6.2 லிட்டருக்கு 5.1 கிலோ என்றால், 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரு சென்ட் நிலத்தில் நயமண் சுமார் 5 டன். சுண்ணாம்புக் கணக்கு முழுவதும் இந்த எண்ணில்தான் நிற்கிறது. புத்தகத்தில் உள்ள ‘ஒரு சென்டுக்கு 8 டன்’ என்ற பொதுக் கணக்கை எடுத்தால் ஒன்றரை மடங்குக்கு மேல் போட்டுவிடுவீர்கள்.

தண்ணீர் இறங்கும் வேகத்துக்கு, அடியும் மேலும் வெட்டிய பெயின்ட் டின்னை 5 செ.மீ. ஆழம் அடித்து, வெளி ஓரத்தைக் களிமண்ணால் பூசி, 5 செ.மீ. உயரம் தண்ணீர் ஊற்றி நேரம் பாருங்கள். மூன்றாவது முறை ஊற்றும்போது வரும் நேரத்தைத்தான் எடுக்க வேண்டும். கல் குவியலில் ஓரிரு நிமிடத்தில் காணாமல் போகும். அரவை மணலின் வண்டல் படிவில் மணிக்கணக்கில் நிற்கும். முதலாவதில் செடி வெயிலில் சாகும், இரண்டாவதில் மழையில் அழுகும்.

பாட்டிலில் மண்ணைக் குலுக்கி மணல், வண்டல், களி பார்க்கும் வழக்கமான சோதனையைச் செய்வதானால் ஒரு சிட்டிகை துணி சோடா சேருங்கள். இரும்பும் உப்பும் களியைத் திரட்டி மணல் போல உட்கார வைத்துவிடும்; தண்ணீர் சீக்கிரம் தெளிந்ததை வைத்துக் களியே இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

பிஎச், உப்பு

20 கிராம் நயமண், 50 மி.லி. காய்ச்சி வடித்த தண்ணீர். கலக்கி, அரை மணி நேரத்தில் நான்கைந்து முறை கிளறி, பிஎச் மீட்டரை வையுங்கள். மீட்டரை பிஎச் 4, 7 என்று அளவு தெரிந்த இரண்டு பஃபர் கரைசலிலும் அன்றைக்கே சரிபார்த்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் பார்த்த மீட்டர் அமில மண்ணில் அரைப் புள்ளி தவறு காட்டும். தாள் பட்டையின் வாசிப்பு காவி நிறத் தண்ணீரில் நம்பத்தக்கதல்ல.

இங்கே தோண்டாத மலை மண்ணே 4.5 முதல் 5.5 வரை இருக்கும். தேயிலைக்கு அதுதான் ஏற்றது. 4.5 என்று பார்த்தவுடன் சுரங்கத்தின் மேல் பழி போட வேண்டாம். 4க்குக் கீழே இறங்கினால்தான் கந்தக அமிலம் வேலை செய்கிறது என்று பொருள். 5க்குக் கீழே அலுமினியம் கரைந்து பெரும்பாலான பயிர்களின் வேர்நுனியைத் தடிக்க வைத்து நிறுத்திவிடும். தேயிலை அலுமினியத்தை இலையில் சேர்த்துக்கொண்டு சமாளிக்கும் செடி, காய்கறி சமாளிக்காது. உப்பு நிலை, மழை அலசிய மலை மண்ணில் மீட்டருக்கு 0.2 டெசிசீமனைத் தாண்டுவது அரிது. 1ஐத் தாண்டினால் சல்பேட் உப்புகள் இருக்கின்றன, பைரைட் எங்கோ சிதைந்துகொண்டிருக்கிறது.

உள்ளே இருக்கும் அமிலம்

பிஎச் மீட்டர் சொல்வது இன்று கரைந்திருக்கும் அமிலத்தை மட்டும். பைரைட் என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். காற்றும் நீரும் படும்போது இரும்பு துருவாகப் படிகிறது, கந்தகம் கந்தக அமிலமாக மாறுகிறது. நீங்கள் குவியலைக் கிளறும் நாளில் புதிதாகக் காற்று படும் பைரைட் அடுத்த சில ஆண்டுகள் அமிலம் கொடுக்கும். சுண்ணாம்பு போட்டு 5.5க்கு ஏறிய மண் இரண்டாம் வருடம் 3.8க்கு இறங்குவது இதனால்தான்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை: மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பாட்டில். மண்ணையும் சிறு கல்லையும் இரும்பு உரலில் பொடித்து மெல்லிய துணியில் சலியுங்கள். சமையல் அம்மியையும் உரலையும் இதற்குத் தொடாதீர்கள். கண்ணாடி டம்ளரில் இரண்டு தேக்கரண்டி பொடி, அது மூழ்கும் அளவுக்கு மேல் 40 மி.லி. பெராக்சைடு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், நுரைத்துச் சூடாகும். ஓர் இரவு விட்டு மறுநாள் பிஎச் பாருங்கள்.

பலரும் தவறவிடும் இடம் இது: கடை பெராக்சைடு கெடாமலிருக்க அமிலம் சேர்த்திருப்பார்கள். அதன் பிஎச்சே 3, 4 என்று இருக்கும். அதனால் பக்கத்திலேயே இன்னொரு டம்ளரில், நன்றாகக் கழுவிய ஆற்று மணலில் அதே அளவு பெராக்சைடு ஊற்றி வையுங்கள். அதைவிட உங்கள் மண் எவ்வளவு இறங்கியது என்பதுதான் கணக்கு. தண்ணீரில் 4.6 காட்டிய மண் பெராக்சைடில் 3க்குக் கீழே போய், ஆற்று மணல் டம்ளரோ அந்த அளவு இறங்காமல் இருந்தால், சல்பைடு, அதாவது பைரைட் போன்ற கந்தகக் கனிமம், இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

நுரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாங்கனீசு ஆக்சைடு பட்டாலே பெராக்சைடு பொங்கும், அமிலம் ஒன்றும் வராது. மட்கு அதிகமுள்ள மேல்மண் நுரைக்கவும் செய்யும், ஓரளவு பிஎச்சையும் இறக்கும். அடிமண்ணிலும் அரவை மணலிலும்தான் இந்தச் சோதனை தெளிவாகப் பேசும்.

ஆய்வகத்தில் மூன்று கேளுங்கள்: சல்பைடு கந்தகம், அமிலத்தை நடுநிலையாக்கும் திறன், பெராக்சைடில் கொதிக்க வைத்த பிறகான பிஎச். மூன்றாவது 4.5க்குக் கீழே வந்தால் அது அமிலம் உண்டாக்கும் கழிவு. மொத்தக் கந்தகம் மட்டும் அளந்து தந்தால் போதாது. அதில் அமிலம் தராத சல்பேட்டும் சேர்ந்திருக்கும்.

சுண்ணாம்புக் கணக்கு

முதலில் இன்றைய அமிலத்துக்கு. ஆறு பாட்டிலில் தலா 100 கிராம் நயமண் எடுத்து, சுண்ணாம்புக்கல் தூளை 0, 0.1, 0.2, 0.3, 0.5, 0.8 கிராம் என்று சேர்த்து, ஈரமாக மூன்று வாரம் வைத்து, பிஎச் பாருங்கள். நகைத் தராசு இதற்குப் போதும். 0.3 கிராம் போட்டது 5.5க்கு வந்தது என்றால், கிலோவுக்கு 3 கிராம். சென்டுக்கு 5 டன் நயமண் என்பதால் 15 கிலோ.

இப்போது உள்ளே இருப்பதற்கு. ஒவ்வொரு 1 சதவீத சல்பைடு கந்தகத்துக்கும் ஒரு டன் மண்ணுக்கு 31.25 கிலோ தூய சுண்ணாம்புக்கல் தேவை. கந்தகம் 0.3 சதவீதம் என்றால் டன்னுக்கு 9.4 கிலோ, 5 டன்னுக்கு 47 கிலோ. மொத்தம் 62 கிலோ. பிஎச்சை மட்டும் பார்த்துப் போட்டவர் 15 கிலோவோடு நின்றிருப்பார். வித்தியாசம் எங்கே என்று இதிலேயே தெரியும். கல்லுக்குள்ளும் பைரைட் இருக்கும், அது மெதுவாக வெளிவரும். அதற்காக மண்ணைச் சோதித்துக்கொண்டே ஆண்டுதோறும் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கும்.

எது வாங்குவது? டோலமைட்டோ சுண்ணாம்புக்கல் தூளோ, முகப்பவுடர் போல் நயமாக இருக்க வேண்டும். குருணையாக இருந்தால் அதன்மேல் இரும்புத் துரு படிந்து உறை போட்டுவிடும். உள்ளே இருக்கும் சுண்ணாம்பு வெளியே வராமல் வீணாகும். நீற்றிய சுண்ணாம்பு பிஎச்சைச் சட்டென்று 8, 9க்குத் தூக்கும், அதனால் வேண்டாம். 62 கிலோவையும் ஒரே நாளில் போடாமல், மழைக்கு முன் பாதி, மறு ஆண்டு சோதித்துப் பார்த்து மீதி என்று 15 செ.மீ. ஆழம் கலக்குங்கள். மேலே தூவிவிட்டு விட்டால் முதல் கனமழையில் ஓடையில் போகும்.

இலக்கு 5.5 முதல் 6.5க்குள். அதற்கு மேல் ஏற்றக் கூடாது என்பதற்குக் காரணம் ஆர்செனிக். ஈயம், தாமிரம், காட்மியம் எல்லாம் அமிலத்தில் கரையும், பிஎச் ஏறினால் அடங்கும். ஆர்செனிக் அதற்கு எதிர். லேசான அமில நிலையில் இரும்புத் துரு அதை இறுகப் பிடித்திருக்கும். 7ஐத் தாண்ட ஏற ஏற அந்தப் பிடி தளரும். தேயிலை மட்டுமே வைக்கப் போகிறீர்கள் என்றால் 5 முதல் 5.5 போதும்.

ஆர்செனிக், பாதரசம்

தங்கம் இருக்கும் பாறைகளில் ஆர்செனிக் சேர்ந்து வருவது உலகெங்கும் பொதுவானது. உங்கள் குவியலில் உண்டா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். ஆர்செனிக், பாதரசம், ஈயம், தாமிரம், காட்மியம் ஐந்தின் மொத்த அளவைக் கேளுங்கள். ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் அந்த ஆய்வகத்துக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். வந்த எண்ணை முதலில் தோண்டாத மலை மண்ணோடு ஒப்பிடுங்கள். வெளியிலிருந்து ஓர் அளவுகோல் வேண்டுமானால், விவசாய நிலத்துக்குக் கனடா வைத்திருக்கும் வழிகாட்டு அளவு ஆர்செனிக்குக் கிலோவுக்கு 12 மி.கி., பாதரசத்துக்கு 6.6 மி.கி. எந்த எண் பாதுகாப்பானது என்பது நிலம் எதற்குப் பயன்படப் போகிறது என்பதைப் பொறுத்தது. பழனி மலையில், கொடைக்கானலில் 2001இல் மூடிய பாதரச வெப்பமானி ஆலை வளாகத்து மண்ணுக்கு 20 மி.கி. என்ற இலக்கு போதுமா என்ற சர்ச்சை வருடக்கணக்கில் நீண்டது இதனால்தான்.

தோண்டும்போதோ கல்லைக் கழுவும்போதோ அடியில் வெள்ளி முத்துகள் உருண்டால் அது பாதரசம். அதோடு வேலையை நிறுத்துங்கள். துடைப்பத்தால் கூட்டுவது, தீயில் காட்டுவது, மோதிரத்தோடு தொடுவது எதுவும் கூடாது. வீட்டு வைத்தியம் இதற்குக் கிடையாது. ஈரத்துணியால் மூடி, குழந்தைகளையும் மாட்டையும் விலக்கி, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

ஆர்செனிக் அதிகமுள்ள இடத்தில் இரண்டு பழக்கங்களை விட வேண்டும். ஒன்று, பாஸ்பேட் அள்ளிப் போடுவது. பாஸ்பேட்டும் ஆர்செனிக்கும் இரும்புத் துருவில் ஒரே இடத்துக்குப் போட்டியிடும். பாஸ்பேட் உட்கார, ஆர்செனிக் எழுந்து தண்ணீரில் போகும். கோழி எருவிலும் பாஸ்பேட் அதிகம், அதையும் தவிருங்கள். இரண்டு, தண்ணீர் தேக்குவது. நீர் நின்று காற்று அற்றுப்போனால் இரும்புத் துருவே கரைந்து, பிடித்து வைத்திருந்த ஆர்செனிக்கையும் விட்டுவிடும். பாதரசமும் அப்படிப்பட்ட சேற்றில்தான் மிகக் கொடிய வடிவத்துக்கு மாறி மீனுக்குள் போகிறது. வயலோ மீன்குட்டையோ அங்கே வேண்டாம்.

சரிவும் நடவும்

மண்ணைத் தொடும் முன் தண்ணீரைத் திருப்புங்கள். குவியலுக்கு மேலே, தோண்டாத கெட்டி மண்ணில், பக்கவாட்டில் இறங்கும் வாய்க்கால் வெட்டி மழைநீர் குவியலுக்குள் நுழையாமல் செய்ய வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் ஈரம் காக்க விட்டுவிட்டு வெட்டும் குழிகள் நல்ல மண்ணில் அருமையானவை. கழிவுக் குவியலின் மேல் வெட்டக் கூடாது. கொட்டிய கல் 35 டிகிரிச் சரிவில் தன் எடையைத் தானே தாங்கி விளிம்பில் நிற்கிறது. உள்ளே நீர் நிறைந்தால் சரியும். 2009 நவம்பரில் நீலகிரி கண்ட நிலச்சரிவுகளை மறந்தவர் இங்கே யாரும் இல்லை. குவியலின் அடியை வெட்டி வழி போடுவதும் அதே அளவு ஆபத்து.

மட்கு உரம் சென்டுக்கு 150 முதல் 200 கிலோ, சுண்ணாம்போடு சேர்த்துக் கலக்குங்கள். மட்கிய சாணம், காப்பித் தோல், தேயிலைத் தூசி எல்லாம் ஆகும், பச்சையாகப் போடாதீர்கள். தழைச்சத்துக்கு அமோனியம் சல்பேட் வேண்டாம், அது தானே அமிலம் உண்டாக்கும் உரம்.

செடிக்குக் குழி வெட்டி நல்ல மண் நிரப்பி நடுவது இங்கே சரிப்படாது. சுற்றிலும் கல்லும் அமிலமும் இருக்க, வேர் தொட்டிக்குள் சுற்றுவது போல அந்தக் குழிக்குள்ளேயே சுற்றும். மூன்றாம் வருடம் காற்றில் சாயும். அதற்குப் பதில் சமமட்டத்தில் ஒரு மீட்டர் அகலப் பட்டைகளாக மண்ணைத் திருத்துங்கள். பட்டையின் கீழ் ஓரத்தில் வெட்டிவேர், 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில், இடத்துக்கு மூன்று தண்டு. அமிலத்தையும் உலோகத்தையும் தாங்கும் புல் அது. சுமார் 1,000 மீட்டர் உயரமுள்ள தேவாலா, பந்தலூரில் நன்றாக வரும், உறைபனி விழும் ஊட்டி உயரத்தில் அடிபடும். உள்ளே குவாத்தமாலா புல், கல்யாண முருங்கைப் போத்து, கிளைரிசிடியா. இரண்டு ஆண்டு இவற்றை வெட்டி அங்கேயே மூடாக்குப் போட்ட பிறகு சில்வர் ஓக் வைக்கலாம். வாட்டில் மரமும் உண்ணிச்செடியும் கொண்டுவராதீர்கள். அவை குவியலோடு நிற்காமல் காட்டுக்குள் ஏறும்.

உலோகம் உள்ள இடத்தில் வெட்டிய புல்லை மாட்டுக்குப் போடக் கூடாது. கீரையும் கிழங்கும் பயிரிடக் கூடாது. கீரை இலையில் சேர்க்கும், கிழங்கில் மண்ணே ஒட்டி வரும். இலையின் இருபுறமும் சீப்புப் பல் போல் வரிசையாக நீண்டு நிற்கும் ஒரு பெரணி சுண்ணாம்புச் சுவர்களிலும் பாறை இடுக்கிலும் வளரும். மண்ணிலிருக்கும் ஆர்செனிக்கை அது பல மடங்கு இழுத்துச் சேர்ப்பதை 2001இல் கண்டறிந்தார்கள். அது முளைத்திருந்தால் மூடாக்கிலும் எருக்குழியிலும் சேர்க்காமல் தனியே வையுங்கள், எரிக்கவும் வேண்டாம்.

திருத்திய ஒவ்வொரு பட்டையிலும் ஆண்டுக்கு ஒருமுறை, பங்குனியில், அதே 0–15 செ.மீ., 15–50 செ.மீ. ஆழங்களில் பிஎச் பாருங்கள். ஒரே ஆண்டில் அரைப் புள்ளிக்கு மேல் இறங்கியிருந்தால் பைரைட் மீதி இருக்கிறது. பெராக்சைடு சோதனையை மறுபடி செய்து சுண்ணாம்பைக் கூட்டுங்கள். குவியலுக்குக் கீழே கிணறோ ஊற்றோ இருந்து யாராவது குடித்தால், மார்ச்சிலும் ஜூன் முதல் மழையிலும் தண்ணீரை அனுப்பிப் பாருங்கள். இந்தியக் குடிநீர் தரத்தில் ஆர்செனிக் லிட்டருக்கு 0.01 மி.கி., பாதரசம் 0.001 மி.கி., பிஎச் 6.5 முதல் 8.5 வரை. ஓடைக் கல்லில் ஆரஞ்சு நிறச் சேறு படிந்திருந்தால் முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். கொதிக்க வைப்பது கிருமிக்குத்தான். ஆர்செனிக் கொதித்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.